பேத்தி வளர்க்கும் பாம்பு: கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்



போன வாரம் லண்டனில் இருக்கும் பேத்தியின் பிறந்தநாள் படத்தைப் போட்டிருந்தேன். அவள் கையில் ஆரஞ்சுக் கயிறு மாதிரி சுற்றியிருந்தது என்ன என்று முதலில் யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கவனித்த பிறகு வாழ்த்து நின்று, திட்டு ஆரம்பித்துவிட்டது. "ஏனுங்க டீச்சர், உங்க ஊட்டுலயேவா?" என்று எழுதியவர்கள் பத்துப் பேருக்கு மேல். ஒறம்பரையில் மூத்தவர் ஒருவர் போன் போட்டே கேட்டுவிட்டார்: "அம்மிணி, நம்ம குடும்பத்துல நடந்தத மறந்துட்டியா?"

மறக்கவில்லை மாமா. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொழுதோட வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

சின்னவர்களுக்குத் தெரியாது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 1971இல் எனக்குப் பதினோரு வயது, அண்ணனுக்குப் பதினான்கு. கடலைக்காய் பிடுங்கிக் களத்தில் காயப் போட்டிருந்தார்கள். ராத்திரிக் காவலுக்கு அண்ணன் சாளையில் வெறுந்தரையில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார். விடிகாலையில் வயிறு வலிக்கிறது என்றார். கையில் ஏதோ சுருக்கென்றது, எலியாக இருக்கும் என்றார். வீக்கமும் இல்லை, ரத்தமும் இல்லை. அப்புறம் இமை இரண்டும் தானாகத் தொங்கின. பேச்சு குழறியது. மந்திரிக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து வண்டி கட்டிக் கோயமுத்தூர் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கட்டுவிரியன். அதன் கடி அப்படித்தான். வலியே பெரிதாக இருக்காது, தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். சாக்கை உதறியபோது அது அடியில்தான் இருந்தது.

அதன் பிறகு எங்கள் அம்மா சாகும்வரை பாம்பு என்ற சொல்லை வாயால் சொல்லவில்லை. 'பூச்சி' என்பார்.

இந்த வீட்டுப் பிள்ளை நான். 2023இல் என் மகள் போன் பண்ணி, "அம்மா, பாப்பா பாம்பு வளக்கோணும்னு நிக்கறா, வாங்கித் தரலாம்னு இருக்கோம்" என்றபோது நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேத்தியே பேசினாள். "அம்முச்சி, இதுக்கு விஷமே இல்ல. நீங்க வந்து பாத்துட்டுத் திட்டுங்க." அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் லண்டனுக்குத் தெற்கே குராய்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். ஆறு மாத விசா. திட்டுவதற்கென்றே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பின் பெயர் கார்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்துப் பாம்பு. மக்காச்சோளக் குதிர்களில் எலி பிடிக்க வந்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள். வயிற்றுப்புறம் கட்டம் கட்டமாக மக்காச்சோளக் கதிர் மாதிரி இருப்பதால் என்று சொல்கிறவர்களும் உண்டு. எதுவானாலும் அன்னூர்க்காரிக்குக் கதை சட்டென்று புரிந்துவிட்டது. நம்ம சோளத்தட்டுப் போருக்குள் சாரைப்பாம்பு எதற்கு வருமோ அதற்குத்தான் அதுவும் வருகிறது. விஷம் கிடையாது. எலியைச் சுற்றி இறுக்கித்தான் கொல்லும். நன்றாக வளர்ந்தாலே நாலடி, ஐந்தடிதான். பேத்தி அதற்கு 'மக்காச்சோளம்' என்று பெயர் வைத்து, கூப்பிடச் சுருக்கி 'மக்கா' ஆக்கிவிட்டாள். நாகர்கோவில் மாப்பிள்ளை ஒருவர் நம் குடும்பத்தில் இருக்கிறார், அவருக்கு மட்டும் இன்றுவரை சிரிப்பு அடங்கவில்லை.

அந்த நாட்டில் பதினாறு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு எந்தப் பிராணியையும் விற்கக் கூடாது. 2006ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே வாங்கியது மாப்பிள்ளை பெயரில். பிராணிக்குச் சோறு, இடம், வைத்தியம் எது குறைந்தாலும் சட்டம் அவரைத்தான் கேட்கும். இந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிள்ளை ஆசைப்படலாம், பொறுப்பு பெரியவர் தலையில்.

நான் போய் இறங்கிப் பத்து நாள் கழித்து மக்கா வந்தது. பொரித்து இரண்டு மாதம் ஆன குட்டி. பென்சில் தடிமன், ஒரு முழத்துக்கும் குறைவு, எடை 9 கிராம். நம்ம வீட்டு மோதிரம் இரண்டைச் சேர்த்தால் அந்த எடை வந்துவிடும். வளர்த்து விற்றவர் ஒரு தாளில் தேதி போட்டு, இதுவரை எத்தனை முறை சாப்பிட்டது, எப்போது சட்டை கழற்றியது என்று எழுதிக் கொடுத்திருந்தார். பொரித்த குட்டி முதல் சட்டையைக் கழற்றிய பிறகுதான் பொதுவாக வாய் வைக்கும். நாலைந்து முறையாவது தானாகச் சாப்பிட்டது என்று தெரிந்த குட்டியைத்தான் வாங்க வேண்டும் என்று பேத்தி எனக்குப் பாடம் நடத்தினாள். முப்பத்தைந்து வருஷம் நான் நடத்தினேன், இப்போது என் முறை.

இருப்பிடத்தைச் சொல்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள பெட்டி. மூடியில் நாலு பக்கமும் கொக்கி. குட்டிப் பாம்புக்குத் தலை நுழைகிற சந்து கிடைத்தால் உடம்பு முழுவதும் போய்விடும், ஆகவே பூட்டுத்தான் முதல் வேலை. அடியில் ஆஸ்பென் என்கிற மரத்தின் சீவலை இரண்டு விரற்கடை உயரத்துக்குப் போட்டிருந்தார்கள். தேவதாரு மாதிரி வாசம் வீசுகிற மரச் சீவல் ஆகாது, அந்த எண்ணெய் பாம்பின் நுரையீரலைக் கெடுக்கும். ஒரு தண்ணீர்க் கிண்ணம், அது படுத்துக் கிடக்கிற அளவுக்கு. தண்ணீர் தினமும் மாற்ற வேண்டும். பால் இல்லை. நம்ம ஊரில் புற்றுக்கண்ணில் பால் ஊற்றுகிறோம், அது நம்முடைய மனசுக்கு. பாம்புக்குப் பால் செரிக்காது, அது பால் குடிக்கிற பிராணியே இல்லை.

பெட்டிக்குள் இரண்டு பொந்து வைத்தார்கள். 'ஒரு குட்டிக்கு எதுக்கு ரெண்டு ஊடு?' என்று கேட்டேன். இங்கேதான் விஷயமே இருக்கிறது. பாம்புக்கு நம்மைப் போல உடம்புக்குள்ளே சூடு உண்டாகாது. வெயிலில் கிடந்து சூடு ஏற்றிக்கொள்ளும், நிழலுக்கு வந்து இறக்கிக்கொள்ளும். அதனால் பெட்டியின் ஒரு பக்கம் 28 முதல் 30 டிகிரி, மறுபக்கம் 22 முதல் 24 டிகிரி. சூட்டுக்குப் பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் மின்சார விரிப்பு. அதற்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம், இல்லாவிட்டால் விரிப்பு கொதித்து வயிற்றைச் சுட்டுவிடும். பாம்பு சூடு தெரிந்து நகரும் என்று நம்பக் கூடாதாம். இப்போது ஒரே ஒரு பொந்துதான் இருக்கிறது, அதுவும் குளிர்ப் பக்கத்தில் இருக்கிறது என்று வையுங்கள். பயந்த குட்டி அங்கேயே பதுங்கிக் கிடக்கும், சூட்டுக்கு வராது. சூடு இல்லாமல் தின்றது செரிக்காது, வயிற்றுக்குள்ளேயே எலி கெட்டு வாந்தி எடுக்கும். பாதுகாப்புக்காகச் சூட்டை விடவும், சூட்டுக்காகப் பாதுகாப்பை விடவும் அதை நிர்ப்பந்திக்கக் கூடாது. அதற்குத்தான் இரண்டு வீடு.

இதை அவள் சொன்னபோது நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. என்னிடம் ஒன்றாம் வகுப்பில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இதைப் படிக்கிறீர்கள். உங்களில் சில பேருக்கு அப்படி இரண்டு இடமும் சேர்ந்து கிடைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

சாப்பாட்டுக்கு வருவோம். மகள் வீட்டு ஃப்ரீசரில் துருவின தேங்காய், முருங்கைக்காய், அதற்குக் கீழே தனி டப்பாவில் எலிக்குஞ்சு. உறைய வைத்தே பாக்கெட்டில் விற்கிறார்கள். பிறந்து ஒரு நாள் ஆன, முடி முளைக்காத, இளஞ்சிவப்புக் குஞ்சு. என் விரல் நுனி அளவுதான். கவுச்சியே சமைக்காத என் சம்பந்தியம்மா இதைப் படித்தால் மயக்கம் போட்டு விழுவார், மன்னிக்கவும். டப்பா தனி, கத்தரி தனி, கிண்ணம் தனி. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அடுப்படிக்குள் வரக்கூடாது என்று மகள் சட்டம் போட்டிருந்தாள். சரியான சட்டம். ஊர்வன உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், பாம்புக்கு ஒன்றும் செய்யாது, நமக்கு வயிற்றைக் கலக்கிவிடும்.

குட்டிக்கு வாரம் ஒரு குஞ்சு. அவ்வளவுதான். அளவுக்குக் கணக்கு உண்டு: பாம்பின் உடம்பு எங்கே அதிகத் தடிமனோ அதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இரை பெரிதாக இருக்கக் கூடாது. குஞ்சை ஒரு பையில் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, உள்ளே வரை உறைவு விட்ட பிறகு, நீளமான இடுக்கியில் பிடித்து லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது, வெந்து வெடித்துவிடும். உயிரோடு விடவும் கூடாது. வளர்ந்த எலி பயத்தில் பாம்பையே கடித்துக் குதறிவிடும். செத்த குஞ்சுதான், ஆனாலும் மக்கா சட்டென்று பிடித்து மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கும். அப்புறம் தலைப்பக்கம் தேடி மெதுவாக விழுங்கும். முடிந்ததும் வாயை இரண்டு முறை கொட்டாவி மாதிரி அகலத் திறந்து தாடையைச் சரிசெய்துகொள்ளும். அதன் பிறகு நாற்பத்தெட்டு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. தொட்டால் கக்கிவிடும். குட்டி கக்கினால் சும்மா இல்லை. வயிற்று அமிலமும் சேர்ந்து போய்விடும். பத்துப் பன்னிரண்டு நாள் விட்டு, இன்னும் சின்ன இரையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

இதெல்லாம் நான் பின்னால் பார்த்தது. முதல் மூன்று வாரம் மக்கா எதையும் தொடவே இல்லை.

வந்து ஏழு நாள் தொந்தரவு செய்யாமல் விட்டார்கள். எட்டாம் நாள் காட்டினாள், திரும்பிக்கொண்டது. நாலு நாள் கழித்து அதன் கண் நீலம் பூத்துப் பால்மாதிரி மங்கியது. சட்டை கழற்றப் போகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அதற்குப் பார்வையும் சரியாக இருக்காது, பசியும் இருக்காது. மூன்று நாலு நாளில் கண் தெளிந்தது, அதற்குப் பிறகு ஒரு ராத்திரி சட்டை கழன்றது. மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டாக, கண்ணுக்கு மேல் இருக்கிற கண்ணாடி போன்ற மூடியோடு. துண்டு துண்டாகக் கழன்றால் பெட்டியில் ஈரப்பதம் போதவில்லை என்று பொருள். சரி, இனிச் சாப்பிடும் என்று காட்டினாள். மறுபடியும் இல்லை. எடை 8 கிராமுக்கு வந்துவிட்டது. ஒன்பதில் ஒன்று போவது சின்ன விஷயமா? பிள்ளை பள்ளிக்கூடம் போகும் முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, படிக்கிற நடுவில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள். ராத்திரி அழுதாள். "அம்முச்சி, செத்துப் போயிருமா?"

பாம்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் சாப்பிடாத குழந்தையைப் பற்றித் தெரியும். ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் ஒன்றிரண்டு சத்துணவுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பருக்கை தொடாது. ஆயாம்மா கெஞ்சுவார், நான் கெஞ்சுவேன், கூட நாலு பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். தொடவே தொடாது. அந்தப் பிள்ளையை மட்டும் வேப்பமரத்துக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டு எல்லோரும் திரும்பிக்கொண்டால், மணி அடிப்பதற்குள் தட்டு காலி. "கண்ணு, நீ பாக்கறதை நிறுத்து" என்றேன். பெட்டியின் மூன்று பக்கமும் என் பழைய நூல் சேலையைக் கிழித்து மறைத்தோம். பாம்பு வளர்ப்பவர்களிடமும் இதற்கு ஒரு வழி இருந்தது. சின்ன டப்பாவில் காற்றுக்குத் துளை போட்டு, கொஞ்சம் மரச்சீவலோடு குட்டியையும் குஞ்சையும் உள்ளே விட்டு, அந்த டப்பாவையே பெட்டியின் சூட்டுப் பக்கத்தில் ராத்திரி முழுக்க வைத்துவிடுவது. வைத்துவிட்டு விளக்கை அணைத்தோம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அண்ணனைக் கொன்ற சாதிக்காக நான் ராத்திரி விழித்திருக்கிறேனே என்று ஒரு நினைப்பு. காலையில் திறந்தால் குஞ்சு இல்லை. மக்காவின் உடம்பில் நடுவில் ஒரு கட்டி, முடிச்சுப் போட்ட நூல் மாதிரி.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி நாலு பக்கமும் கோடு போட்டேன். தேதி, எடை, தின்றது, மறுத்தது, சட்டை, கழிவு. வருகைப் பதிவேடு மாதிரி. மார்ச்சில் நான் கிளம்பும்போது எடை 31 கிராம். நோட்டு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது மூன்றடி நீளம், பெட்டியும் மாறிவிட்டது. உடம்பை முழுதாக நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பது அங்கே விலங்குநலச் சங்கத்தார் சொல்கிற அளவு. வளர்ந்த எலி பத்துப் பதினான்கு நாளைக்கு ஒன்று. இப்படியே பதினைந்து, இருபது வருஷம் இருக்கும். பேத்தி கல்யாணமாகிப் போகும்போது சீர்வரிசையில் வைத்து அனுப்ப வேண்டியதுதான்.

நான் தொட்டேனா என்று கேட்பீர்கள். தொட்டேன், ஒரே ஒருமுறை, டிசம்பரில். வழவழப்பாக, ஈரமாக இருக்கும் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். உலர்ந்து, இளஞ்சூடாக, பட்டுப்புடவையின் கரை மாதிரி இருந்தது.

சரி, இனிமேல்தான் முக்கியமான சேதி. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நம் பழைய மாணவர் ஒருவர், இப்போது திருப்பூரில் பனியன் தொழில் செய்கிறவர், தனியாக எழுதினார். அவர் பையன் பால் பைத்தான் கேட்கிறானாம். வாட்ஸப்பில் ஒருவர் குட்டி தருகிறேன் என்று விலையும் சொல்லியிருக்கிறாராம். "டீச்சர், உங்க பேத்தியே வளக்கறா, வாங்கித் தரட்டுமா?"

தம்பி, வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாரையாக இருந்தாலும், மண்ணுளியாக இருந்தாலும் சரி. நம்ம பக்கம் இருதலைப் பாம்பு லட்சக்கணக்கில் விலை போகும் என்று ஒரு கூட்டம் ஊர் ஊராக ஏமாற்றிக்கொண்டு திரிந்ததும், அதில் பணத்தை விட்டவர்களும் உங்களுக்குத் தெரியும். பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு, கானா, டோகோ, பெனின் பக்கம். அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. நம் சட்டத்தை 2022இல் திருத்தியபோது அந்தப் பட்டியலில் உள்ளவற்றையும் நான்காம் அட்டவணையாகச் சேர்த்துவிட்டார்கள். 2024இல் வந்த விதிப்படி வைத்திருப்பவர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், எங்கிருந்து வந்தது என்று காகிதம் காட்ட வேண்டும். பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் துணிக்கு நடுவில் பால் பைத்தான் குட்டிகளைச் சுற்றி வைத்திருந்ததைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் பிடித்த செய்தி எத்தனை முறை பேப்பரில் வந்திருக்கிறது! வாட்ஸப் ஆசாமியிடம் காகிதம் கேட்டுப் பாருங்கள். அவர் உங்கள் நம்பரையே பிளாக் செய்துவிடுவார்.

காகிதம் இருந்தாலும் யோசியுங்கள். அந்தப் பாம்பு நல்ல உடம்போடு இருக்கும்போதே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் சுபாவம் உடையது. மூன்று வாரத்துக்கே எங்கள் வீட்டில் அழுகை. லண்டனில் எங்கள் கஷ்டம் சூடேற்றுவது. ஏப்ரல் மாதத்தில் ஓட்டு வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் உங்கள் கஷ்டம் குளிர்விப்பது. குளிர்ப் பக்கம் என்று ஒன்று பெட்டிக்குள் இருந்தே ஆக வேண்டுமே, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? உறைந்த எலிக்குஞ்சை எந்தக் கடையில் வாங்குவீர்கள்? மாட்டுக்கும் ஆட்டுக்கும் நம்மிடம் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், பாம்புக்கு நுரையீரலில் சளி கட்டினால் எத்தனை பேர் பார்ப்பார்கள்? அதுவும் இருபது முப்பது வருஷம் உயிரோடு இருக்கிற பிராணி. பையனுக்குப் பத்தாம் வகுப்பு வரும்போது ஆசை போய்விடும். அதற்குப் பிறகு அது எங்கே போகும்?

எங்கே போகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, கதையில் நம்ம ஆட்களும் வருகிறார்கள். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புக் குட்டிகளைச் செல்லப் பிராணியாக வாங்கினார்கள். குட்டி பன்னிரண்டு, பதினைந்து அடி ஆனதும் சிலர் சதுப்புக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். 1992இல் அடித்த ஆண்ட்ரூ புயலில் வளர்ப்புக் கூடம் ஒன்று உடைந்து தப்பியவையும் உண்டு. அவை பெருகி அந்தக் காட்டையே தின்றன. 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில் ரக்கூன் என்கிற பிராணி கண்ணில் படுவது நூற்றுக்கு 99 பங்கு குறைந்துவிட்டது என்று கணக்குச் சொன்னார்கள். நாய் வைத்துத் தேடினார்கள், பரிசுப் போட்டி வைத்தார்கள். கடைசியில் 2017இல் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். கையில் ஒரு கம்பி, புல்லில் தடம் பார்க்கிற கண். பதினாறு அடிப் பெண் பாம்பு உட்பட வரிசையாகப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. யாரோ ஒரு பிள்ளைக்கு அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்த குட்டியின் பேரப்பிள்ளைகளைப் பிடிக்க, தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி ஆள் போக வேண்டியிருந்தது.

அவர்களுடைய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது, மகாபலிபுரம் போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலையும் பிடித்து வந்து, மண்பானையில் விட்டு வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். மண்பானை குளுமை, இருட்டு. பேத்தியின் பெட்டியில் நான் பார்த்த குளிர்ப் பொந்து இதுதான். வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, நாலு வாரம் போல வைத்திருந்து, அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலில் ஒரு வெட்டுப் போட்டுக் காட்டிலேயே திருப்பி விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றித்தான் நம் ஆஸ்பத்திரிகளில் போடுகிற விஷமுறிவு மருந்தே வருகிறது. 2000 முதல் 2019 வரை இருபது வருஷத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. அண்ணன் மாதிரி பன்னிரண்டு லட்சம் பேர்.

இன்னொன்று, இது பெற்றவர்களுக்கு. போன ஐப்பசி மழையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு குட்டிப் பாம்போடு வந்தான். மூடியில் ஆணியால் துளை. உள்ளே நாலு அரிசி, ஒரு வெட்டுக்கிளி. "ஓநாய்ப் பாம்புங்க டீச்சர், விஷமில்ல, யூடியூபுல பாத்தேன்." உடம்பெல்லாம் பட்டை பட்டையாக வெள்ளைக் கோடு. ஓநாய்ப் பாம்புக்குக் கோடு கழுத்திலிருந்தே பளிச்சென்று தொடங்கி வாலுக்குப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் கோடு இல்லாமலோ மங்கலாகவோ இருந்து, போகப் போகத் தெளிவாகும். படத்தில் பார்த்தால் இது சுலபம். ஆறு அங்குலக் குட்டியில், மழை இருட்டில், பிள்ளை கையில் இருக்கும்போது யாரும் இந்தப் பரீட்சை வைக்கக் கூடாது. கட்டுவிரியன் குட்டிக்குப் பிறக்கும்போதே விஷம் உண்டு. பாட்டிலைக் கீழே வைக்கச் சொல்லி, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, அவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். அது ஓநாய்ப் பாம்புதான் என்றார்கள். எனக்குக் கால் நடுக்கம் நிற்க ராத்திரி ஆனது.

அத்திக்கடவுத் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கியதிலிருந்து நம்ம பக்கத்துக் குளங்களிலும் தண்ணீர் நிற்கிறது. ஐம்பது வருஷக் கனவு, சந்தோஷம்தான். தண்ணீர் நின்றால் தவளை வரும், தவளைக்குப் பின்னால் தண்ணிப்பாம்பு வரும். கோழிப்பண்ணைத் தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் மற்றதெல்லாம் வரும். தரையில் படுக்காதீர்கள், படுத்தால் கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். ராத்திரி கட்டுத்தறிக்குப் போனால் டார்ச் வேண்டும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது ஒன்றும் வேண்டாம். 108க்கு அடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி இல்லை என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். தோட்டத்தில் சாரை போனால் போகட்டும், அது உங்களுக்குக் கூலி கேட்காத ஆள்.

திருப்பூர்த் தம்பி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பையன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டானாம். போன ஞாயிற்றுக்கிழமை அவர்களை வீட்டுக்கு வரச் சொன்னேன். பேத்தியோடு வீடியோவில் பேச வைத்தேன். அவள் மக்காவின் நோட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டினாள். அரையாண்டு விடுமுறையில் கிண்டிப் பாம்புப் பண்ணைக்கும் வடநெம்மேலிக்கும் கூட்டிப் போவதாக அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். பையனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டில் நானே கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி, நேரம், இடம், நிறம், எந்தப் பக்கம் போனது. தொடக் கூடாது, பத்தடிக்குக் கிட்டே போகக் கூடாது, பார்த்து எழுத மட்டும்தான். நேற்று நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். ஒரு வாரத்தில் மூன்று பதிவு. அப்புச்சி தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம் ஒரு சாரை, வாய்க்காலில் ஒரு தண்ணிப்பாம்பு. மூன்றாவதை அடித்துவிட்டுப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'அரணை' என்று எழுதியிருக்கிறான்.